நிற்கிற வேலை

எங்கள் வீட்டில் கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரை 11 எட்டு. 2019 தீபாவளி முடிந்த மறுவாரத்திலிருந்து அந்த 11 எட்டையும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். வலது குதிகாலின் அடியில், உள்பக்கமாக ஒரு இடம். விரலால் அமுக்கினால் உயிர் போகும். ஆனால் பத்து நிமிடம் வீட்டுக்குள் நடந்துவிட்டால் வலி இறங்கிவிடும். அதில்தான் ஏமாந்தேன். ராத்திரி காலை எங்கேயோ இசகுபிசகாக வைத்துப் படுத்திருப்பேன் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சாப்பாடு கட்டி, மாம்பலம் ஸ்டேஷன் படியேறி இறங்கி, கடைக்குப் போய்விடுவேன்.

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1999-ல், என் 19 வயதில், கடை ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தவள் நான். கல்யாணமாகி ஹாஸ்டலை விட்டேன், கடையை விடவில்லை. காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் இரவு ஒன்பதரை வரை. சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்துவிட்டால் அதுவும் சுருங்கிவிடும்.

நான் சேர்ந்த புதிதில் பட்டுப் பிரிவில் மெத்தைதான். வெள்ளை விரிப்புப் போட்ட நீள மெத்தையில் கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பம் ஒரு பக்கம் உட்காரும், நாங்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலையை மடியில் விரித்துக் காட்டுவோம். எழுந்து உட்கார்ந்து முட்டி வலிக்கும், அது வேறு. பிறகு கடையைப் புதுப்பித்தார்கள். மெத்தை போனது, கண்ணாடிக் கவுண்டர் வந்தது, தரை முழுக்க கிரானைட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நின்றபடியே வியாபாரம். எங்கள் தளத்தில் செருப்புப் போடக் கூடாது என்பதால் வெறுங்காலோடு, ஏசி ஏறிய கல்லின் மேல்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. கூட்டம் இருக்கும் நேரத்தில் கால் வலிப்பதில்லை. குனிவோம், எட்டி எடுப்போம், சேலைக் கட்டைத் தூக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவோம். உடம்பு அசைந்துகொண்டே இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு ஆள்கூட இல்லாதபோது, கவுண்டரில் சாயாமல், கேமராவைப் பார்த்தபடி சும்மா நிற்கிறோமே, அந்த ஒன்றரை மணி நேரம்தான் காலைத் தின்னும். கவுண்டரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் அண்ணாச்சிக்கு மேலே இருந்து போன் வரும். பெண்கள் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி நிற்பார்கள். கவுண்டருக்கு அடியில் ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். முகத்தில் சிரிப்பு மாறாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா என் நடையைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, காலு என்ன செய்யுது? குதிவாதமாக்கும்" என்றாள். அன்று சாயங்காலமே அடுப்பில் செங்கல்லைப் போட்டுச் சூடேற்றி, அதன் மேல் எருக்க இலையை அடுக்கி, சூடு பொறுக்கிற அளவுக்கு வந்ததும் குதிகாலை வைத்து வைத்து எடுக்கச் சொன்னாள். இலை வெந்து ஆவி வரும், பச்சை வாசனை மூக்கில் ஏறும். பால் கண்ணில் பட்டுவிடாமல் இலையை அவளேதான் பறித்தாள். அந்தச் சூடு எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் அம்மாவின் கைதான் நினைவுக்கு வருகிறது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் முதல் எட்டு வைத்ததும் அதே வலி.

அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடை மூடியது. மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தேன். வலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஓய்வில்லாததுதான் வியாதி, ஓய்வுதான் மருந்து என்று முடிவே கட்டிவிட்டேன். கடை மறுபடி திறந்து நாலாவது நாள் மாம்பலம் ஸ்டேஷன் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நாளில் இடது குதிகாலிலும் தொடங்கியது, வலது காலுக்கு வலிக்கிறதென்று உடம்பு பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டதன் பலன்.

அதற்குப் பிறகு ஒரு தனியார் கிளினிக். எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். எலும்பில் முள் என்றதும் பயந்துபோய், சொன்ன உடனே ஊசிக்குக் காலை நீட்டினேன். ஸ்டீராய்டு ஊசி. ஆறு வாரம் சொர்க்கம்போல இருந்தது. ஏழாவது வாரம் பழைய இடத்திலேயே பழைய வலி. மறுபடி ஊசி போடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த முள் வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் இருக்கும் என்பதும், அந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு தேய்ந்துபோகலாம், உள்ளே இருக்கும் பட்டையே அறுந்தும் போகலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஊசி போடும் முன் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சொன்னது 2021-ல் அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் இருந்த ஒரு இளம்பெண். என் மகளாக இருக்கும் வயசு. என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலைப் பின்னால் வளைத்தார். உள்ளங்காலில் ஒரு கயிறு விறைத்து எழும்பியது. "இதத்தாம்மா பிளாண்டார் ஃபேஷியான்னு சொல்றோம். குதிகால் எலும்புல இருந்து விரல் அடி வரைக்கும் போற நார்ப்பட்டை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் இது விறைச்சுப் பாதத்தைத் தாங்குது" என்றார். தூங்கும்போது பாதம் கீழே தொங்கியபடி இருப்பதால் பட்டை சுருங்கிக் கிடக்கும். காலையில் திடீரென்று மொத்த எடையும் ஏறும்போது, புண்பட்ட இடத்தில் இழுக்கும். அதுதான் முதல் எட்டின் வலி. இந்த வலிக்கு பிளாண்டார் ஃபேஷியைட்டிஸ், அதாவது அந்தப் பட்டையின் வீக்கம் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, நாள்பட்ட வலியில் வீக்கத்தைவிட நார் இற்றுப்போவதுதான் அதிகம் என்றும் சொன்னார்.

இற்றுப்போவது என்றதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பட்டுச்சேலை வாங்குகிறவர்களிடம் 20 வருடமாக நான் சொல்லி வருவது ஒன்று: ஒரே மடிப்பில் வைக்காதீங்கம்மா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தி மடிச்சு வைங்க. பீரோவில் ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடக்கும் சேலை பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், உதறினால் மடிப்பின் ஓரத்தில் சரிகை வெடித்திருக்கும். ஒரே இடத்தில் அசையாமல் நின்ற என் காலும் அப்படித்தான் மடிப்பில் இற்றிருக்கிறது.

அவரிடம்தான் என் ஓய்வுக் கணக்கும் தப்பு என்று தெரிந்தது. "ஓய்வு குடுத்தா வலி அடங்கும், பலம் வராதும்மா. திரும்ப நிக்க ஆரம்பிச்சதும் அதே பலத்தோடதான நிப்பீங்க? காலுக்கு வேலை குடுக்கணும். ஆனா நீங்க கடையில குடுக்கிற வேலை இல்ல" என்றார். படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு, விரல் மேல்நோக்கி வளைந்திருக்க. குதிகாலை 3 நொடியில் மேலே தூக்கி, 2 நொடி நிறுத்தி, 3 நொடியில் கீழே இறக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 12 தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாக வர ஆரம்பித்ததும் முதுகில் பாரம் ஏற்றி, எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, 10, பிறகு 8. டென்மார்க்கில் ராத்லெஃப் என்பவரின் குழு 48 பேரிடம் செய்து பார்த்து 2014-ல் வெளியிட்ட முறை இது. வெறுமனே காலை நீட்டி இழுக்கும் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு 3 மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதையும் அந்தப் பெண் மறைக்கவில்லை. "உங்களுக்கு அந்த ஒன்பது மாசம் முக்கியம்தானம்மா?" என்று கேட்டார். முக்கியம்தான். தினமும் நின்று சம்பாதிக்கிறவளுக்கு ஒன்பது மாசம் சின்ன விஷயமா?

முதல் வாரம் மூன்று தடவைகூடத் தூக்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஆறாவது வாரம் மகனின் பழைய பள்ளிப் பையில் 2 கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்றை வைத்து மாட்டிக்கொண்டேன். பிறகு இரண்டு பொட்டலம், மூன்று. மாடிப்படியில் அரிசிப் பையோடு ஏறி இறங்காமல் ஒரே படியில் நிற்கிற என்னைப் பார்த்துக் கீழ்வீட்டு மாமி என்னவோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார். இதோடு, காலையில் கண் விழித்ததும் காலைத் தரையில் வைக்கும் முன்பே கட்டிலில் உட்கார்ந்து விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடித்து 10 எண்ண வேண்டும். அதுபோல 10 தடவை. முதல் எட்டின் கூர்மை மழுங்கியது இதனால்தான்.

செருப்பு விஷயம் தனிப் போராட்டம். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடையில் காட்டி, தளத்துக்குள் மட்டும் போட்டுக்கொள்ளப் புதிதாக ஒரு கறுப்பு ஜோடி வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அண்ணாச்சி மூன்று வாரம் இழுத்தார். கடைசியில் சேலை தரையைத் தொடும்படி கட்டினால் சரி என்று அனுமதி வந்தது. அந்தச் செருப்பை வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்: தொழுநோயால் உணர்விழந்த பாதங்கள் புண்ணாகாமல் காக்க, வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் குழுவினர் பாடுபட்டபோது கைக்கொண்ட ரப்பர் இது. வலியே தெரியாததால் பாதத்தை இழந்துகொண்டிருந்தவர்களுக்கான செருப்பு. எனக்கு வலி தெரிந்தும் இரண்டு வருடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையில்தான் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கேரளத்தில் இதை 2018-லேயே செய்துவிட்டார்கள். கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்மணி கடைப் பெண்களை ஒன்றுசேர்த்து வருடக்கணக்கில் போராடியதன் பலன் அது. தொழிற்சாலையில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே 44-ஆம் பிரிவு இருந்தது. கடைப் பெண்கள் அதற்கு மேல் 73 வருடம் நின்றார்கள். இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. என்னோடு ஹாஸ்டலில் இருந்து, முப்பத்தைந்து வயதிலேயே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய அக்காமார் எத்தனை பேர்!

எங்கள் பிரிவுக்கு நாலு பேருக்கு ஒன்று என்று ஸ்டூல் வந்தது. முதல் பத்து நாள் ஒருவரும் உட்காரவில்லை. ஸ்டூல் மேல் சேலைக் கட்டு உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அண்ணாச்சி பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் பேன்ட்டில் கைவிட்டுக்கொண்டு ரெடிமேட் பக்கம் போய்விட்டார். அவருக்கும் கால் வலி இருந்தது என்று ரொம்பப் பிறகு ஒருநாள் சொன்னார்.

முழுதாகக் குணமாக மேலும் எட்டு மாதம் ஆனது. வலி என்றைக்குப் போனது என்று தேதி சொல்ல முடியாது. வாரத்தில் ஐந்து நாள் இருந்தது மூன்றானது, பிறகு தீபாவளி சமயம் மட்டும் என்றானது. நடுவில் இரண்டு தடவை திரும்பி வந்து பயமுறுத்தியது. இரண்டு தடவையும் நான் பயிற்சியை விட்டிருந்த நாட்கள்.

இப்போது எங்கள் கடையில் யாருக்குக் குதிகால் வலித்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். துண்டைச் சுருட்டிப் படியில் நிற்க வைத்துக் காட்டிக் கொடுக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் இதையே சொல்வதில்லை. பேக்கிங் பிரிவில் ஒரு பையனுக்கு, 24 வயதுதான், இரண்டு குதிகாலும் வலித்தது, காலையில் இடுப்பும் ஒரு மணி நேரம் விறைத்துக் கிடந்தது. எனக்குச் சரியாகப் படவில்லை, மருத்துவரிடம் போகச் சொன்னேன். முதுகெலும்பைப் பிடிக்கும் வாத நோய் என்று கண்டுபிடித்தார்கள். இளவயசில் இரண்டு காலும் சேர்ந்து வலித்தாலும், மரத்துப்போனாலும், ராத்திரி படுத்திருக்கும்போதே வலித்தாலும் துண்டும் படியும் போதாது.

ஆடி விற்பனைக்கு இடம் வேண்டும் என்று போன மாதம் எங்கள் ஸ்டூல்களைக் குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் காலையில் நான் போய் ஒன்றை மட்டும் எடுத்துவந்துவிடுகிறேன், யாரும் தடுப்பதில்லை. அதன் ஒரு காலில் ரப்பர் புஷ் கழன்றுபோயிருக்கிறது. கிரானைட்டில் இழுத்தால் தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம். புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்தே உட்காராமல் நிற்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் ஹார்டுவேர் கடையில் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வரும்போது நாலு புஷ்ஷாக வாங்கி வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.