கடைசி ஆள்: சில மலை நடைக் குறிப்புகள்

2009 ஜனவரி 24, சனி

கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கொடைக்கானலுக்கு நடந்தே போக வேண்டும் என்று தீபாவளியிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம், இன்று போய்விட்டோம். ஆறு பேர். மெக்கானிக் அண்ணன், டீச்சரக்கா, பேங்க் சார், இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் நான். பேரெல்லாம் எழுதவில்லை, நாங்களே ஒருவரையொருவர் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

வத்தலக்குண்டில் முதல் பஸ், பெரியகுளத்தில் இறங்கி ஆட்டோ, ஏழு மணிக்கு அருவிக்குப் பக்கத்தில் நின்றோம். அங்கிருந்து கொடைக்கானலை ஒட்டியிருக்கிற வட்டக்கானல் வரைக்கும் ஆயிரத்தைந்நூறு மீட்டருக்குக் குறையாத ஏற்றம். முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டு போனோம், அப்புறம் யாரும் பேசவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான். மா, இலவம் எல்லாம் முடிந்து காப்பிச் செடியும் பலா மரமும் வர ஆரம்பித்தபோது காற்றே மாறிவிட்டது, வியர்வை காய்ந்து முதுகு சில்லிட்டது.

மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்குப் போனவர்கள் எல்லாம் இந்தச் சரிவில்தான் ஏறியிருக்கிறார்கள், நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ. டோலியில் உட்கார்ந்து போனவர்களைப் பற்றி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போனவர்களைத்தான் இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். என் பையில் இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு புளியோதரைப் பொட்டலமும்தான் இருந்தன, அதற்கே தோள்பட்டை எரிகிறது.

வெள்ளகெவிக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் யாருமே செருப்புப் போடுவதில்லை. கோயிலும் வீடும் ஒட்டி ஒட்டி இருக்கிற ஊர், எங்கே கோயில் முடிகிறது எங்கே வீடு ஆரம்பிக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால் ஊரையே கோயிலாக வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வீட்டுத் திண்ணையில் வரக்காப்பி கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் நாள் முழுக்கக் கடைசியில்தான் வந்தார். கொஞ்சம் பருமனான ஆள், ஏற முடியவில்லை போல என்று நினைத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வட்டக்கானல்.

2011 நவம்பர் 12, சனி

கும்பக்கரையில் வெள்ளம். உள்ளே விடவில்லை, விடவும் கூடாது. பெரியகுளத்தில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

2012 டிசம்பர் 29, சனி

இந்த வருடம் ஒரு மாற்றத்துக்கு போடிப் பக்கம், குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன். மூணாறு பக்கத்துத் தேயிலையை அந்தக் காலத்தில் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு வந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கவிட்டுக் கீழே இறக்கியிருக்கிறார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பேர் மட்டும் ஸ்டேஷன் என்று நிற்கிறது.

வழியெல்லாம் ஆள் உயரப் புல். வெயிலில் அந்தப் புல்லுக்கு ஒரு வாசனை இருக்கிறது, இன்னும் சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2014 ஜனவரி 18, சனி

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

வெள்ளகெவிக்குக் கீழே காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் பாதை இரண்டாகப் பிரிகிற இடம். இரட்டையரில் சின்னவன் வேகமாக நடப்பவன், எங்களை விட்டு அரை மணி நேரம் முன்னால் போய்விட்டான். ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் அவன் அங்கே இல்லை. போன் எடுக்கவில்லை. பெரியவன் முகம் வெளுத்துவிட்டது, டீச்சரக்கா எல்லார் வீட்டு வாசலிலும் நின்று நின்று கேட்கிறார், பேங்க் சார் "வந்திருவான், வந்திருவான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் காலையில்தான் பாதையில் காட்டுமாட்டுச் சாணி ஈரமாகக் கிடந்ததைப் பார்த்திருந்தோம்.

மெக்கானிக் அண்ணன் பையைக் கழற்றி வைத்தார். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கினார் என்றா சொன்னேன், ஓடினார். ஐந்து வருடமாக மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் வருகிற ஆள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே மனிதர், அந்தச் செங்குத்துச் சரிவில் வேரையும் பாறையையும் பிடித்துக்கொண்டு பையன் மாதிரி ஓடினார்.

மூன்று மணி நேரம் கழித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்துப் பாதையில் போய் ஓடையில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். கால் பிசகவில்லை, பயம்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. அந்த ஊர்க்காரர் எங்கள் நன்றியைக்கூடக் காதில் வாங்காமல் குதிரைக்குப் புல் போடப் போய்விட்டார். ரோடு இல்லாத ஊர், அரிசி பருப்பு மேலே வருவதும் காப்பிக்கொட்டை, எலுமிச்சை கீழே போவதும் அந்தக் குதிரைகள் முதுகில்தான், தேர்தல் வந்தால் ஓட்டு மெஷின்கூட அப்படித்தான் வருகிறது. உடம்பு சரியில்லாதவர்களை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நாங்கள் ஆசைக்கு நடக்கிற பாதையை அவர்கள் ஆபத்துக்கு நடக்கிறார்கள்.

ராத்திரி அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே, இவ்வளவு வேகமா போக முடியிற ஆளு, எதுக்கு எப்பவும் கடைசியில வர்றீங்க?"

"யாராவது வரணுமில்ல தம்பி."

அப்புறம் அவராகவே சொன்னார். மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும், கூட்டம் அவர் வேகத்தில் நடக்க வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் கடைசி ஆள் வந்து சேர்கிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது. உட்கார்ந்து எழுந்த இடத்தைக் கடைசி ஆள் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும், கண்ணாடி, கைக்குட்டை, மிட்டாய்க் காகிதம், ஏதாவது கிடக்கும். இதையெல்லாம் ஐந்து வருடமாக ஒரு வார்த்தை சொல்லாமல் செய்துகொண்டு வந்திருக்கிறார். இனிமேல் இதுதான் எங்கள் சட்டம் என்று டீச்சரக்கா அறிவித்துவிட்டார்.

2018 மார்ச் 13, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை குரங்கணி மலையில் தீ. நடக்கப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு நாளாக டிவியை அணைக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. நாங்கள் நடந்த அதே மலை, அதே புல்.

டீச்சரக்கா போன் செய்தார். இரண்டு பேரும் பேசாமல் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

2018 செப்டம்பர் 15, சனி

குரங்கணியில் இறந்தவர்கள் 23 பேர். அதற்குப் பிறகு இந்த வருடம் காட்டுப் பாதையில் கால் வைக்கவில்லை, வைக்க மனமும் இல்லை. மார்ச் மாதம், காய்ந்த புல், மேல்நோக்கி அடிக்கிற காற்று என்றால் தீ மனிதனை விட வேகமாக மலை ஏறும். தெரிந்தவர்கள் அந்த மாதத்தில் போக மாட்டார்கள். நாங்கள் போகாமல் இருந்தது அறிவால் இல்லை, எங்களுக்கு லீவு கிடைத்ததெல்லாம் டிசம்பரிலும் ஜனவரியிலும்தான்.

ஆனால் இது குறிஞ்சி வருடம். அதனால் பஸ்ஸில் கொடைக்கானலுக்குப் போய், பூம்பாறை ரோட்டிலேயே ஓரமாக நடந்தோம். 1994, 2006, இப்போது 2018. புல்சரிவில் திட்டுத்திட்டாக ஊதா. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சின்னச் சின்ன மணிதான், தள்ளி நின்றால்தான் மலையே நிறம் மாறியிருப்பது தெரிகிறது. தேனீ இரைச்சல் காதை அடைக்கிறது. பூத்து விதை விட்டதும் செடி செத்துவிடும், அந்த விதையிலிருந்து முளைப்பதுதான் இன்னும் பன்னிரண்டு வருடம் கழித்துப் பூக்கும் என்று டீச்சரக்கா வகுப்பே எடுத்தார்.

புல்வெளி இருந்தால்தான் இதெல்லாம். பைன், தைலம், வாட்டில் என்று நட்டு நட்டு எவ்வளவு புல்வெளியை இழந்திருக்கிறோம் என்பது இந்த ரோட்டில் நடந்தாலே தெரியும். ஒன்று சொல்ல வேண்டும், ஒரு வாட்டில் தோப்புக்குள் குனிந்து பார்த்தபோது அதன் நிழலில் இந்த மலையின் சொந்த மரங்களான சோலை மரங்களின் கன்றுகள் முளைத்திருந்தன. யாரும் நட்டதாகத் தெரியவில்லை, பறவை போட்ட விதையாக இருக்கலாம். அந்தக் கன்றுகளைப் பார்த்ததில் இந்த வருடத்திலேயே முதல் தடவையாக மனசு லேசானது.

அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "2030-ல எனக்கு அறுபத்தேழு. வந்திரலாம்ல?"

"வர்றோம்ண்ணே" என்றான் சின்னவன். அவன்தான் இப்போது அண்ணனை விட்டு நகர்வதே இல்லை.

2020 ஏப்ரல் 19, ஞாயிறு

மொட்டை மாடியில் நூறு சுற்று. இங்கிருந்து பார்த்தால் மலை தெளிவாகத் தெரிகிறது.

2023 ஜூன் 4, ஞாயிறு

அண்ணனுக்கு இரண்டு முட்டியிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. சமதரையில் நடக்கலாம், மலை இறக்கம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், இறக்கத்தில்தான் உடம்புப் பாரம் முழுக்க முட்டியில் விழும். பட்டறைக்குப் போயிருந்தேன், ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார். "அடுத்த நடைக்கு நீ கடைசியில வா" என்றார், பையனிடம் ஸ்பேனர் எடுத்துத் தரச் சொல்வது மாதிரி. நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது.

2025 பிப்ரவரி 1, சனி

இப்போது அரசாங்கமே மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறது. முன்பு மாதிரி நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. இப்படி இருப்பதுதான் நல்லது, குரங்கணியை நினைத்தால் முன்னமே இருந்திருக்க வேண்டும். நாங்களும் முறையாக அனுமதி வாங்கித்தான் போனோம். தீக்காலம் வருகிறதே என்று அவசரமாக இந்தத் தேதியைப் பிடித்தோம்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவிக்கு இறங்கி, திரும்ப ஏறி வர வேண்டும். அண்ணன் வட்டக்கானல் வரைக்கும் வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கதான் இருப்பேன், நீங்க போங்க" என்றார். பேங்க் சார் இப்போது ரிட்டையர்டு, மெதுவாகத்தான் நடக்கிறார், அதனால் வழிகாட்டித் தம்பிக்குப் பின்னால் அவரை விட்டோம். நான் கடைசியில்.

பதினாறு வருடமாக நடக்கிறேன், இப்படி ஒரு நடையை நடந்ததில்லை. கடைசியில் வருகிறவனுக்கு முன்னால் இருக்கிற எல்லாருடைய முதுகும் தெரிகிறது. பேங்க் சார் இடது காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார், பெரியவன் பை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, டீச்சரக்கா களைத்துப்போனால் தலைமுடியை அவிழ்த்து மறுபடி கொண்டை போடுகிறார். சின்னவன் வளைவு வந்தால் நின்று என்னைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். இத்தனை வருடமும் அண்ணன் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். எனக்கு முன்னால் பாதையும் மலையும்தான் தெரிந்தன.

வெள்ளகெவிக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். எழுந்து பத்தடி போன பிறகுதான் ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். டீச்சரக்காவின் கண்ணாடி அங்கேயே வெயிலில் கிடந்தது.

ஏற்றம் முடிந்து வட்டக்கானலில் தலை காட்டும்போது நாலரை. அண்ணன் பெஞ்சை விட்டு எழுந்து நின்று எண்ணினார், உதடு அசைவது தெரிந்தது. வழிகாட்டித் தம்பியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு, "எல்லாம் வந்தாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எனக்கு டீ சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோட்டில் நடக்கலாம் என்றார். ஆட்டோ வைத்துக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. சரி, சட்டம் சட்டம்தானே, மெதுவாக நடப்பவர் முன்னால். அண்ணன் குச்சி ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார், நாங்கள் ஐந்து பேரும் அவர் வேகத்தில் பின்னால். பழக்கம் போகவில்லை அவருக்கு, பத்தடிக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பி எங்களை எண்ணிக்கொண்டே போனார். "ரோட்டப் பாத்து நடங்கண்ணே, பின்னாடி ஆள் இருக்கு" என்று டீச்சரக்கா இரண்டு தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது.