திபெத்தை இறக்கி ஓட்டிப் பார்க்க நினைக்கும் ஆய்வு மாணவர்களுக்கு

கணினியில் ஓடும் காலநிலை மாதிரியில் மலைகளை எடுத்துவிட்டு மழை என்ன ஆகிறது என்று பார்ப்பது பழைய சோதனை. 1975இல் ஹான், மனாபே என்ற காலநிலை ஆய்வாளர்கள் மலைகளோடும் மலைகள் இல்லாமலும் ஓட்டி, தெற்காசியப் பருவமழையில் மலைகளின் பங்கைக் காட்டினார்கள். 2010இல் பூஸ், குவாங் என்ற ஆய்வாளர்கள் திபெத்தைத் தட்டையாக்கி, இமயமலையைக் குறுகிய சுவராக மட்டும் விட்டார்கள். பருவமழை பெரிதாகக் குறையவில்லை. பீடபூமி மேலே இருந்து காற்றைச் சூடாக்குவதா, வடக்கத்திய வறண்ட காற்றை மலைச்சுவர் மறிப்பதா, எது முக்கியம்? இந்தக் கேள்வியில் உங்கள் பக்கம் எது என்று முடிவு செய்யாமல் மாதிரியின் நிலமட்டக் கோப்பைத் திறக்காதீர்கள். எந்த மலையை எவ்வளவு குறைப்பது என்பதே அதைப் பொறுத்ததுதான்.

முனைவர் பட்டத்துக்காக நான் வேலை செய்தது சி.இ.எஸ்.எம். (Community Earth System Model) என்ற உலகக் காலநிலை மாதிரியில். அதன் நிலமட்டக் கோப்பில் உயரம் மீட்டரில் இருக்காது. ஜியோபொட்டென்ஷியலாக, அதாவது உயரத்தை 9.8ஆல் பெருக்கிய எண்ணாக இருக்கும். 5000 மீட்டர் என்றால் 49,000. 500 மீட்டர் வேண்டும் என்று 500 என்றே போட்டால் கிடைப்பது 51 மீட்டர் மேடு. மாதிரி ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடும்.

மாதிரி உலகைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. அதே கோப்பில், ஒரு கட்டத்துக்குள் நிலம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் திட்ட விலக்கமும் இருக்கும். மலையில் மோதி எழும் காற்றலைகளால் காற்று எவ்வளவு தடைபடும் என்பது இதிலிருந்துதான் கணக்காகிறது. உயரத்தை மட்டும் குறைத்து இதை விட்டுவிட்டால், இல்லாத மலை காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். வெட்டிய எல்லையையும் சில கட்டங்களுக்குச் சரிவாக இறக்குங்கள்.

அடுத்தது தொடக்க நிலைக் கோப்பு, அதாவது ரன் தொடங்கும்போது காற்று எப்படி இருக்கிறது என்று சொல்லும் கோப்பு. பழைய திபெத்தின் தரை அழுத்தம் ஏறத்தாழ 540 ஹெக்டோபாஸ்கல். 500 மீட்டரில் இருக்க வேண்டியது 955. திருத்தாமல் விட்டால் முதல் நாளே அங்கே பெரும் பள்ளம், நாலாபக்கமும் அலை, பெரும்பாலும் ரன் விழுந்துவிடும். அழுத்தத்தைப் புது உயரத்துக்குக் கணக்கிட்டு, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் புது மட்டங்களுக்கு மாற்றுங்கள். தொடக்கத்தில் நேரப்படியை, அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் மாதிரி தாண்டும் நேர இடைவெளியை, குறைத்து ஓட்டுவதும் உதவும்.

உண்மையான சிக்கல் முடிவுகளைப் படிக்கும்போதுதான். திபெத்தில் தரை வெப்பநிலை 29 டிகிரி கூடியதாகப் படம் வரும். 4.5 கிலோமீட்டர் இறக்கினால் கிலோமீட்டருக்கு 6.5 வீதம் அவ்வளவு வரத்தான் செய்யும். அது காலநிலை மாற்றம் இல்லை. தரையில் ஒப்பிடாமல், காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மேல்மட்டத்தில் ஒப்பிடுங்கள். கடல்மட்ட அழுத்தத்தின் படமும் அப்படித்தான் ஏமாற்றும். மாதிரி காற்றின் மொத்த நிறையை மாறாமல் வைக்கிறது. மலை போன இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பீடபூமிக்கு, உலகம் முழுக்கச் சுமார் 2 ஹெக்டோபாஸ்கல் குறையும். அண்டார்டிகா வரை தெரியும் அந்தக் குறைவைப் பருவமழையின் தாக்கம் என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். உலகச் சராசரியைக் கழித்துவிட்டு வரையுங்கள்.

கடல் வெப்பநிலையை நிலையாக வைத்து ஓட்டினால், மலை போனதற்குக் கடல் தரும் பதில் உங்களுக்குக் கிடைக்காது. தவறில்லை, ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள். தாவரம், மண் மாறாதிருந்தால் அதையும்.

நம்மவர் பலருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையையும் தொட ஆசை வரும். ஒரு டிகிரி கட்டம் சுமார் 110 கிலோமீட்டர்; பாலக்காட்டுக் கணவாயின் அகலம் ஏறக்குறைய 30. 2695 மீட்டர் ஆனைமுடியும் அதில் கரைந்துவிடும். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் மழை வித்தியாசம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகுதியை மட்டும் சிறு கட்டங்களில் கணக்கிடும் வட்டார மாதிரிக்குப் போங்கள்.