ரிமோட் செத்தாலும் வண்டி கிளம்பும்

வேலூர் தோட்டப்பாளையத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். கடையை மூடினபோது சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. பின்னாலேயே சொந்தக்காரர்களின் கார் ரிமோட்டுகளும் வர ஆரம்பித்தன. ரிமோட் என்று பேர் இருந்தால் அது என் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிவி ரிமோட்டில் இருந்து வருவது அகச்சிவப்பு ஒளி. செல்போன் கேமராவுக்கு நேராக வைத்து அழுத்தினால் மினுக்குவது தெரியும். கார் ரிமோட்டையும் அதே மாதிரி காட்டிப் பார்த்துவிட்டு, "லைட்டே அடிக்கல, செத்துப்போச்சுண்ணா" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்காது. இது ரேடியோ.

தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு நாள் பெங்களூரிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடி வந்து இறங்கி, பார்க்கிங்கில் நின்றபடி போன் போட்டார்.

"மச்சான், வண்டி தொறக்கவே மாட்டேங்குது. அழுத்திக்கினே இருக்கேன், ஒண்ணும் அசையல. தூக்கினு போக லாரிக்குச் சொல்லிட்டேன்."

"லாரியை வேணாம்னு சொல்லுங்க மாப்ள. ரிமோட்டுல சின்னதா ஒரு தாழ் இருக்கும் பாருங்க, அதை நகத்தால தள்ளிப் புடிச்சி இழுங்க."

உள்ளேயிருந்து இரும்புச் சாவி வந்தது. வண்டி வாங்கியதிலிருந்து அதைப் பார்த்ததே இல்லையாம். டிரைவர் பக்கக் கைப்பிடியில் சாவித்துவாரத்தை பிளாஸ்டிக் மூடி ஒன்று மறைத்திருந்தது. அதை நெம்பி எடுக்கச் சொன்னேன். கதவு திறந்ததும் அலாரம் ஊரைக் கூட்டியது, டோக்கன் போடுகிற பையன் ஓடிவந்தான். "கத்தட்டும், விடுங்க. பிரேக்கை மிதிச்சிக்கினு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வெச்சி, ரிமோட்டாலேயே பட்டனை அமுக்குங்க" என்றேன். அலாரம் அடங்கியது, இன்ஜின் பிடித்தது, அவர் சத்துவாச்சாரி வந்து சேர்ந்தார். லாரி கிரீன் சர்க்கிள் தாண்டுவதற்குள் திரும்பிவிட்டது.

அந்த ரிமோட்டில் செல், அதாவது காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரி, சுத்தமாக இறந்திருந்தது. அப்புறம் எப்படிக் கிளம்பியது என்பதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. புஷ் ஸ்டார்ட் வண்டியின் ரிமோட்டுக்குள் தனித்தனியாகச் சில காரியங்கள் நடக்கின்றன. பட்டனை அழுத்தினால் அது 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் இந்த அலைவரிசைதான். அமெரிக்கா, ஜப்பான் வண்டிகளில் 315 மெகாஹெர்ட்ஸ் பரவலாக உண்டு. அழுத்தாமல் பாக்கெட்டில் வைத்தபடி கைப்பிடியைத் தொட்டால், வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு காந்த அலையை விட்டு ரிமோட்டை எழுப்பும். அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. எழுந்த ரிமோட் பதிலை 433-இல் அனுப்பும். இவை இரண்டுக்கும் செல் வேண்டும். மூன்றாவதாக இருப்பது இமொபிலைசர் சிப். இதன் அடையாளம் சரியாக இருந்தால்தான் வண்டி இன்ஜினைக் கிளம்பவிடும். அதற்குச் செல்லே தேவையில்லை. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியிருக்கும் காயில் (கம்பிச்சுருள்) கொடுக்கும் காந்தப்புலத்திலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். சில வண்டிகளில் அந்தக் காயில் பட்டனில் இருக்காது. ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ கப் வைக்கிற குழியிலோ இருக்கும். எங்கே என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருப்பான். அந்த ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் பூட்டிய வண்டிக்குள்ளேதான் கிடக்கும்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "இன்னொரு சாவி இருக்குதில்ல, அது வேலை செய்யுதா?" என்றுதான். அதைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். இரண்டாவது சாவி ஒழுங்காகத் திறந்தால் கோளாறு முதல் ரிமோட்டுக்குள். இரண்டும் திறக்கவில்லையென்றால் ரிமோட்டைப் பிரிக்காதீர்கள், பானெட்டைத் திறங்கள். வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். மீட்டரில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் பேட்டரி கிட்டத்தட்ட காலி. இன்னும் நன்றாக இறங்கிவிட்டால் சென்ட்ரல் லாக் மோட்டாரை அசைக்கவே தெம்பு இருக்காது. லெட் ஆசிட் பேட்டரிக்குக் குளிரைவிட வெப்பம்தான் எமன். வேலூர் மே மாதத்தில் இதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

செல் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர் 2032. இருபது மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 2025 என்றால் அதே விட்டம், கனம் 2.5. கடையில் 2032 இல்லையென்றால் 2025-ஐக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்பான். வோல்ட் ஒன்றுதான், மூன்று. ஆனால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். மேசைமேல் வேலை செய்யும், பாக்கெட்டில் குலுங்கினால் நின்றுவிடும். அந்த இடைவெளியில் சிகரெட் அட்டை ஜிகினாத் தாளை மடித்துச் சொருகிய ரிமோட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தேய்ந்த செல்லும் சும்மா அளந்தால் மூன்று வோல்ட் காட்டும். ரிமோட் பேசும் நொடியில் இழுக்கிற கரண்டைத்தான் அதனால் தர முடியாது. 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு பக்கமும் தொடவைத்து, அப்போது அளந்து பாருங்கள். புதிய செல் கொஞ்சம் இறங்கி நிற்கும், பழையது வழுக்கிக்கொண்டே போகும். சில கம்பெனி செல்களில் குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பட்டும் என்று கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சே சில ரிமோட்டுகளில் கான்டாக்ட் கிடைக்காமல் செய்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுப் போடுங்கள். கழற்றிய பழைய செல்லை மட்டும் மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை வேகவைத்துவிடும். வாழைப்பழம் கொடுத்து உட்கார வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

ரிமோட்டை டேஷ்போர்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு. பல செல்களுக்குக் கம்பெனி சொல்லும் மேல்வரம்பு 60 டிகிரிதான். மதியம் கோட்டைக்கு எதிரே நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு அதை அநாயாசமாகத் தாண்டும். வீட்டில் வண்டிக்கு மிக அருகில், போர்ட்டிகோ சுவர் ஆணியில் மாட்டுவதும் நல்லதில்லை. பல வண்டிகளில் ரிமோட் தூங்கப் போகாமல் வண்டியோடு பேசிக்கொண்டே இருந்து செல்லைத் தீர்த்துவிடும்.

புது செல் போட்டும் அமுக்கி அமுக்கிப் பார்த்தால்தான் எப்போதாவது ஒருமுறை வேலை செய்கிறது என்றால், செல்லைப் பிடிக்கும் தகட்டின் காலில் டிரை சால்டர், அதாவது பற்றவைத்த இடம் விட்டுப்போயிருக்கும். இது எனக்குப் பிடித்த கோளாறு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வளையம் தெரியும். ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தொட்டு, ஒரு சொட்டு ஈயம் வைத்தால் முடிந்தது. இதே கோளாறுக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் "புது சாவிதான் சார், புரோகிராமிங் பண்ணணும்" என்று ஆயிரங்களில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார். செல் மாற்றினால் பெரும்பாலான ரிமோட்டுக்குப் புரோகிராமிங் தேவையே இல்லை. நினைவு சிப்பில் இருக்கிறது, செல்லில் இல்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறுகிற ரோலிங் கோடு ஒன்று உள்ளே எண்ணிக்கொண்டு போகும். வீட்டில் குழந்தை அதை வைத்து நாள் முழுக்க விளையாடினால் எண் முன்னே ஓடிவிடும், வண்டி பின்தங்கிவிடும். பல வண்டிகளில் ஒருமுறை ஸ்டார்ட் செய்தாலே இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

காந்தி நகரில் ஒரு நண்பருக்கு வினோதமான தொல்லை. வண்டி ஊரெல்லாம் திறக்கும், அவருடைய அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் மட்டும் திறக்காது. இரண்டு சாவியும் அப்படியே. டிவி பார்ப்பதற்காகச் செய்த யூஎஸ்பி டாங்கிள் ஒன்று இருக்கிறது, அதை லேப்டாப்பில் சொருகி ரேடியோ அலைகளைப் பார்க்கலாம். எடுத்துக்கொண்டு போனேன். லேப்டாப் திரையில், 433.92-இல் ஒரு கோடு அசையாமல் நின்றது. யாரோ விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செக்யூரிட்டி மேசை டிராயரில், கேட் மோட்டாரின் பழைய ரிமோட் ஒன்று ஸ்டேப்ளருக்கு அடியில் பட்டன் அமுங்கியபடியே கிடந்தது. எடுத்ததும் கோடு போய்விட்டது. எல்இடி விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் மலிவான டிரைவர் சர்க்யூட்டும், மட்டமான டேஷ்கேமும், ஒயர்லெஸ் காலிங்பெல்லும்கூட இந்த வேலையைச் செய்யும்.

வண்டிக்குள் உட்கார்ந்தபின் "சாவி இல்லை" என்று டிஸ்ப்ளே சொன்னால், போனை ஒயர்லெஸ் சார்ஜரில் வைத்துப் பக்கத்திலேயே ரிமோட்டையும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த சார்ஜர் வேலை செய்வது நூற்றிச்சொச்சம் கிலோஹெர்ட்ஸில். வண்டி ரிமோட்டைக் கூப்பிடும் 125-க்கு மிக நெருக்கம். ரிமோட்டைச் சட்டைப் பைக்கு மாற்றினால் செய்தி போய்விடும்.

வாஷிங் மெஷினில் துவைந்த ரிமோட்டை அரிசிக்குள் புதைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரின் உப்பை அரிசி எடுக்காது. உடனே செல்லைக் கழற்றி, போர்டை ஆல்கஹாலில் கழுவி, ஃபேனுக்கு அடியில் காயவிடுங்கள். மொட்டை மாடியில் வேண்டாம்.

ரிமோட் பட்டன் திறக்கிறது, கைப்பிடியில் இருக்கும் கறுப்பு பட்டன் மட்டும் கேட்கவில்லை என்றால் அதை என்னிடம் கொண்டுவர வேண்டாம். அந்த ரப்பர் வெயிலில் வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். டோர் பேடைக் கழற்ற வேண்டும், கிளிப் உடையும், எனக்கு முதுகு வலிக்கும். சென்ட்ரல் லாக் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். பழைய ஸ்விட்சைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள், உள்ளே துரு எவ்வளவு என்று பார்க்க எனக்கு ஆசை.