'கட்டாயமில்லை, ஆனா கட்டிடுங்க'

மகள் ஒன்பதாம் வகுப்பில் மார்ச்சிங் பேண்டில் சேர்ந்தாள், கிளாரினெட். இங்கே கலிபோர்னியாவில் அரசுப் பள்ளிதான். இரண்டாவது வாரமே பெற்றோர் நடத்தும் பூஸ்டர் கிளப்பிலிருந்து மின்னஞ்சல்: யூனிஃபார்ம், போட்டி நுழைவு, வெளிப் பயிற்சியாளர் என்று தலைக்கு 850 டாலர். 'ஃபேர் ஷேர்' என்று அழகான பெயர் வேறு.

கேட்டபோது, "கட்டாயமில்லை, ஆனா எல்லாரும் கட்டிடுவாங்க" என்றார்கள். கட்டிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஒரு நாள் அவளைக் கூப்பிடப் போனபோது பேண்ட் அறைக் கதவில் ஒரு பட்டியல். பெயருக்கு எதிரே பச்சை டிக். மூன்று பெயருக்கு மட்டும் டிக் இல்லை, அதில் ஒன்று இவள். கீழே, 'பாக்கி இருந்தால் யூனிஃபார்ம் கிடையாது.' போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1978-இல் மாநில மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டத்தால் சொத்து வரி குறைந்ததும் பள்ளிகளுக்குப் பணத் தட்டுப்பாடு வந்தது. இங்கே சாண்டா பார்பரா பள்ளிகளில் இசை, விளையாட்டு, நாடகம் என்று ஒவ்வொன்றிலும் சேர 25 டாலர் வசூலித்தார்கள். அதை எதிர்த்த ஹார்ட்செல் வழக்கில் 1984-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: இலவசக் கல்வி என்று அரசியல் சாசனம் சொல்வதில் இசையும் விளையாட்டும் நாடகமும் அடக்கம். பள்ளியிடம் காசில்லை என்பதும், ஏழைக்கு விலக்கு உண்டு என்பதும் சமாதானமாகாது. இதைச் சட்டப்பிரிவாகவே 2013 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். யூனிஃபார்முக்கும் வாத்தியத்துக்கும் டெபாசிட் கேட்பதுகூடக் கட்டணம்தான். நன்கொடை கேட்கலாம், நிபந்தனை வைக்கக்கூடாது.

முதலில் பேண்ட் ஆசிரியருக்கே எழுதினேன். நல்ல மனிதர். "கஷ்டம்னா விலக்கு படிவம் இருக்கு" என்று பதில். எனக்குக் கஷ்டமில்லை; பிரச்சினை அதுவுமில்லை.

அடுத்தது முறையான புகார். படிவம், பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் மூன்று கிளிக் தள்ளி ஒளிந்திருந்தது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் பிரின்சிபலிடம் தரவேண்டும், வக்கீல் வேண்டாம். "வந்த ஊர்ல எதுக்கு வம்பு?" என்றாள் மனைவி. "சார் என்னை அப்புறம் சோலோவுக்கே கூப்பிட மாட்டார்" என்றாள் மகள். இரண்டாவது பயம்தான் என்னைத் தைத்தது. ஆதாரம் இருந்தால் பெயர் போடாமலே புகார் தரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கதவுப் படத்தில் மகள் பெயரோடு டிக் இல்லாத மற்ற இரண்டு பெயர்களையும் மறைத்துவிட்டு, அதையும் மின்னஞ்சலையும் இணைத்தேன். என் பெயர் போடவில்லை.

விசாரித்துப் பதில் தர அவர்களுக்கு 60 நாள். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை என்றால் மாநிலக் கல்வித் துறைக்கு மேல்முறையீடு. அந்த அளவுக்குப் போகவில்லை. பட்டியல் மறுவாரமே காணாமல் போனது. ஏழாவது வாரம் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு கடிதம்: தொகை முழுக்க நன்கொடை, தராவிட்டாலும் எதுவும் மாறாது, கட்டியவர்கள் கேட்டால் திருப்பித் தரப்படும். புகார் சரி என்றால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் பரிகாரம் தேட வேண்டும் என்பது சட்டம், கேட்ட ஒருவருக்கு மட்டுமல்ல.

பயிற்சியாளருக்கும் பஸ்ஸுக்கும் யாராவது பணம் தரத்தானே வேண்டும். டிசம்பரில் 300 டாலருக்குக் காசோலை எழுதினேன். குறிப்புக் கோட்டில் கொட்டை எழுத்தில் 'நன்கொடை' என்று எழுதியதைப் பார்த்து மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.