மேல சேதி போகுமா

இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் ஒரு மினி ஹைட்ரோவுல, அதாவது சின்ன நீர்மின் நிலையத்துல வேல செய்றேன். புதுசா வர்ற பிள்ளைகளுக்கு நான் மொதல்ல சமன்பாடு சொல்றதில்ல, ஒரே ஒரு கேள்விதான்: கீழ நடக்கிறது மேல தண்ணிக்குத் தெரியுமா?

மலைய சுத்தி வர்ற வாய்க்கால்ல தெரியும். ஆழம் 40 சென்டிமீட்டர்னா அதுல அலை ஓடுற வேகம், அதாவது புவியீர்ப்பு 9.81ஐ மீட்டர் கணக்குல ஆழத்தால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வர்றது, செக்கனுக்கு கிட்டத்தட்ட 2 மீட்டர். தண்ணி 1 மீட்டர்லதான் போகுது, தண்ணி வேகத்த அலை வேகத்தால பிரிச்சா வர்ற ஃப்ரூட் நம்பர் 0.5. கீழ மதகுக் கதவ எறக்குனா அந்த அலை எதிர்த்து ஏறிப் போயிடும், மேல மட்டம் கூடும்.

மிச்சத் தண்ணி வழிஞ்சு போற ஸ்பில்வே சரிவு அப்பிடி இல்ல. மழை ஊத்துற அன்னைக்கு ஒப்பரேட்டர் தம்பி கேட்டான், "சேர், அடியில பலகை போட்டு மறிச்சும் மேல மட்டம் அசையவே இல்லையே?" அங்க ஆழம் 10 சென்டிமீட்டர், வேகம் 4 மீட்டர், ஆனா அலை ஓடுறது 1 மீட்டர்தான், ஃப்ரூட் நம்பர் 4. ஓரத்துல நின்னு ஒரு கம்ப விடச் சொன்னேன், ரெண்டு பக்கமும் கோடு கீழ்நோக்கி ஒடுங்கிப் போச்சு, கம்புக்கு மேல் பக்கம் தண்ணி வழுவழுன்னு அப்பிடியே இருந்திச்சு. அவன் ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தான்.

சரிவு முடியிற எடத்துல தண்ணி வெள்ளையா கொந்தளிச்சு 10லேருந்து 52 சென்டிமீட்டருக்கு எழும்பும், அதுதான் ஹைட்ரோலிக் ஜம்ப். வந்த சக்தியில நூத்துக்கு 39 பங்கு அந்த எடத்துலயே கொந்தளிச்சு சூடா மாறிடும், இல்லன்னா கீழ கான் அரிச்சு தேயிலைச் செடி வேரோட வந்திடும்.

இது வெளங்கிட்டா, வேகத்த சத்தத்தோட வேகத்தால பிரிச்சா வர்ற மாக் நம்பரும் வெளங்கும். காத்துல சத்தம் செக்கனுக்கு சுமார் 340 மீட்டர், அத விட வேகமா போற விமானம் வர்றது முன்னால உள்ள காத்துக்குத் தெரியாது, அதான் காத்து திடீர்னு அமுங்குற ஷொக் வேவ் வர்றது. ஒரு வித்தியாசம், ஷொக்ல சூட்டையும் சேத்த மொத்த சக்தி கொறையாது, மொத்த அழுத்தம், அதாவது காத்த இழப்பில்லாம நிப்பாட்டுனா வர்ற அழுத்தம்தான் கொறையும்.

தண்ணி அமுங்காதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்வாங்க, டர்பைனுக்குத் தண்ணி கொண்டு வர்ற பென்ஸ்டொக் குழாய் பக்கத்துல நிக்கிறவன் அத நம்பக்கூடாது. இரும்புக் குழாய்ல அழுத்த அலை செக்கனுக்கு 1000 மீட்டர் கிட்ட ஓடும். 3 மீட்டர் வேகத்துல வர்ற தண்ணிய டக்குன்னு நிப்பாட்டுனா 300 மீட்டர் உயரத்துத் தண்ணியோட அழுத்தம் மேலதிகமா ஏறும். 400 மீட்டர் குழாய்னா அலை போய்த் திரும்ப 0.8 செக்கன், அதுக்குள்ள மூடுனா முழு அடியும் விழும்.

இஞ்சினியர் விமலசுரேந்திர 1918லயே இந்த மலைத் தண்ணியில கரண்ட் எடுக்கலாம்னு எழுதுனாரு, பழைய லக்சபான நீர்மின் நிலையம் 1950ல ஓட ஆரம்பிச்சிச்சு. இன்னைக்கு லயத்துப் பிள்ளைகளும் வால்வுக்குப் பக்கத்துல வேல செய்றாங்க, ஆனா சொல்லிக் குடுக்கிறதெல்லாம் "மெதுவா மூடு" மட்டும்தான். ஏன் மெதுவான்னு தமிழ்ல, வாய்க்கால் ஓரத்துலயே வச்சு சொல்லணும், எனக்கு அதுல ரொம்பப் பிடிவாதம்.