செனட் மாடத்தில் ஒரு சனிக்கிழமை

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த பிறகு எங்கள் மாநில செனட்டரின் அலுவலகத்தை நான் முதன்முதலாக அழைத்தது 2018 செப்டம்பர் கடைசியில். உச்ச நீதிமன்ற நீதிபதியாக பிரெட் கவனாவை அதிபர் டிரம்ப் முன்மொழிந்திருந்தார்; அதற்கு நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் வேண்டும். கிறிஸ்டின் பிளாசி ஃபோர்ட் என்ற பெண் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டைக் கூறி, 27ஆம் தேதி செனட்டின் நீதித்துறைக் குழு முன் சாட்சியம் அளித்தார். கவனா அதை அடியோடு மறுத்தார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மூன்று நாள் அழைத்தும் குரல் பதிவுப் பெட்டி நிறைந்துவிட்டது என்ற அறிவிப்புதான் கிடைத்தது. நான்காம் நாள் ஓர் இளைஞர் எடுத்தார். பெயர், அஞ்சல் குறியீடு, ஆதரவா எதிர்ப்பா என்பதோடு கேள்வி முடிந்தது. "எதிர்ப்பு. வாழ்நாள் பதவி இது, ஏன் இத்தனை அவசரம்?" என்றேன். எழுதிவைத்திருந்த அரைப் பக்கம் கையிலேயே இருந்தது. வாக்கெடுப்பைப் பார்க்க செனட்டின் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று கேட்டேன். நேரில் வரச் சொன்னார். பலருக்குத் தெரியாது, இந்தச் சீட்டு இலவசம்; அவரவர் மாநில செனட்டரின் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம்.

அக்டோபர் 6. கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பெயரை அழைக்க அழைக்க, உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று வாக்களித்தார்கள். மாடத்திலிருந்து "வெட்கம்! வெட்கம்!" என்று கூச்சல் எழும், காவலர்கள் வந்து இழுத்துப் போவார்கள், அவைக்குத் தலைமை வகித்த அன்றைய துணை அதிபர் பென்ஸ் அமைதி காக்கச் சொல்வார், அடுத்த பெயர். எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் முழங்கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

50க்கு 48 என்று கவனாவின் நியமனம் நிறைவேறியது. அதே பதவிக்கு 1986இல் ஸ்காலியாவுக்கு 98 வாக்குகள், எதிர்ப்பே இல்லை. 1993இல் கின்ஸ்பர்கிற்கு 96க்கு 3. விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும் என்ற தடையை, கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு 2013இல் ஜனநாயகக் கட்சியும் உச்ச நீதிமன்றத்துக்கு 2017இல் குடியரசுக் கட்சியும் தகர்த்தன. இரண்டையும் நான் மன்னிக்கவில்லை. எதிர்த்தரப்பில் ஒருவரையாவது இணங்க வைக்க வேண்டிய தேவையே அதனால் போய்விட்டது.

லிசா முர்கோவ்ஸ்கியின் பெயர் வந்தபோது மாடமே காது கொடுத்தது. கவனாவை எதிர்த்த ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர் அவர். ஆனால் வேண்டாம் என்று வாக்களிக்காமல், அவையில் இருப்பதாக மட்டும் பதிவுசெய்தார். கவனாவை ஆதரித்த இன்னொரு உறுப்பினர் ஸ்டீவ் டெயின்ஸ் அன்று மொன்டானாவில் மகளின் திருமணத்தில் இருந்தார். அவர் வராத குறை கணக்கைப் பாதிக்காதபடி, முர்கோவ்ஸ்கி தன் எதிர்ப்பு வாக்கை விட்டுக்கொடுத்தார்.