உப்புக் காற்றுக்கு ஏற்ற பிரேக் லைன்

மண்டபத்திலிருந்து இராமேசுவரத்துக்கு நாள்தோறும் இருசக்கர வண்டியில் போய்வருகிறேன். வழியில் 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ரயில் பாலத்தைப் பார்ப்பதற்காகச் சுற்றுலா வண்டிகள் அதன்மேல் திடீர் திடீரென நின்றுவிடும். சென்ற ஆண்டு கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த நாளொன்றில் எனக்கு முன்னால் ஒரு வேன் அப்படி நின்றபோது, முன் பிரேக் லிவர் மெத்தென்று கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. பின் பிரேக்கின் தயவில் ஒரு முழ இடைவெளியில் தப்பினேன்.

மெக்கானிக் பிரேக் ஆயிலை மாற்றி, அதில் சிக்கியிருந்த காற்றையும் எடுத்துக் கொடுத்தார். ஆனாலும் லிவர் இறுகவில்லை. வண்டிக்கு ஒன்பது வயது; பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கம்பெனியிலிருந்து வந்ததே. அதை, சக்கரத்தருகே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்கு அருகில் விரலால் வளைத்துப் பார்த்தபோது, வறண்ட கண்மாய் மண்போல் மெல்லிய வெடிப்புகள் வாய்திறந்தன. இப்படி முதுமை தட்டிய ஹோஸ், லிவரை அழுத்தும்போது உள்ளழுத்தத்தால் சற்றே உப்பிக்கொள்கிறது; காலிப்பருக்குப் போய்ச் சேரவேண்டிய ஆயிலில் ஒரு பங்கு இங்கேயே தங்கிவிடுகிறது. அந்த ஹோஸுக்குப் பதிலாகப் போடும் ஸ்டெயின்லெஸ் லைனில் உள்ளே டெஃப்லான் குழாயும் அதன்மேல் நெருக்கமாகப் பின்னிய எஃகுக் கம்பி வலையும் இருப்பதால் அந்த உப்பல் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே அதையே போடுவதென்று முடிவு செய்தேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பல நாட்கள் கழிந்தன. மேலுறை எதுவுமின்றி வெள்ளிபோல் மின்னும் வெற்று வலையின்மீதுதான் முதலில் ஆசைப்பட்டேன். விசைப்படகுப் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் அதைக் கேட்டுச் சிரித்தார். "மாப்ள, எவர்சில்வர் துருப்பிடிக்காதுன்னு அடுப்படியில சொல்லலாம், கடக்கரையில சொல்லாதீக" என்று சொல்லிவிட்டு, படகிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஒரு கிளாம்ப்பை எடுத்துக் காட்டினார். பளபளப்பான பரப்பில் செம்பழுப்புப் புள்ளிகள் இறைந்து கிடந்தன. கடலுப்பில் உள்ள குளோரைடு, எஃகின் காப்புப் படலத்தை நுண்ணிய குழிகளாக அரிக்கும். எவர்சில்வரில் 304 வகையைவிட மாலிப்டினம் கலந்த 316 வகை அதை நன்றாகத் தாங்கும். வலையின் இண்டு இடுக்குகளில் உப்பும் மணலும் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அரிப்புக்கு அங்கே வசதி அதிகம். போதாக்குறைக்கு, வெற்று வலை தான் உரசும் இடத்தில் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் அரம்போல் அறுத்துவிடும்.

காந்தம் ஒட்டினால் அது போலி எஃகு என்று கடைகளில் சொல்வதை நம்பி, நானும் பையில் ஒரு காந்தத்தோடு அலைந்தேன். அது வீண் வேலை. 304 எஃகைக் குளிர்நிலையிலேயே இழுத்துக் கம்பியாக்கும்போது அதற்குச் சிறிதளவு காந்தத்தன்மை வந்துவிடுவது இயல்பு.

இறுதியில் 316 வலை, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை, இரு முனைகளிலும் லைனைப் போல்ட்டோடு இணைக்கும் வளையமான பேன்ஜோ ஸ்டெயின்லெஸ்ஸில் என்று தீர்மானித்தேன். கறுப்பு உறை பார்வைக்கு அழகுதான்; ஆனால் அது கிழிந்து உள்ளே உப்புநீர் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. நிறம் நிறமாக வரும் அலுமினிய பேன்ஜோக்களையும் ஒதுக்கினேன். உப்பு ஈரத்தில் எஃகோடு சேர்ந்திருக்கும் அலுமினியமே முதலில் அரிபடும்.

நீளத்தை அளந்ததில் தவறு என்னுடையது. சைடு ஸ்டாண்டில் நின்ற வண்டியில் அளந்து மதுரைக் கடைக்குச் சொல்லவிருந்தேன். மச்சான் தடுத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் செய்தார். ஃபோர்க் முழுவதும் இறங்கியபின், ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி அளந்ததில், முந்தைய அளவு நான்கு விரற்கடை குறைவு என்று தெரிந்தது. அந்த அளவில் லைன் வந்திருந்தால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அது விண்ணென்று இழுபட்டிருக்கும்.

வந்த பொருளிலும் ஒரு சிக்கல் இருந்தது. பேன்ஜோ போல்ட் இரண்டு சுற்று ஏறியதும் இறுகி நின்றுவிட்டது. 10 மி.மீ. போல்ட்டிலேயே மரை இடைவெளி 1.0, 1.25 என இரண்டு விதம் உண்டு. என் காலிப்பருக்கு 1.25 வேண்டும், வந்ததோ 1.0. ஸ்பேனரால் வலிந்து திருகியிருந்தால் அலுமினியக் காலிப்பரின் மரை போயிருக்கும். மாற்றுப் போல்ட் வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

பொருத்தும்போது ஒவ்வொரு பேன்ஜோவுக்கும் இருபுறமும் புதிய செம்பு வாஷர் போட்டோம். வண்டியின் பிரேக் ஆயில் கிண்ணத்து மூடியில் எழுதியிருந்தபடி, புதிதாக உடைத்த டப்பாவிலிருந்து டாட் 4 வகை பிரேக் ஆயிலை ஊற்றினோம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 230 டிகிரியாவது இருக்கும் அதன் கொதிநிலை, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கக்கூடும் என்பதால் இந்தக் கடற்கரையில் பாதி வைத்த டப்பாவை நம்பமாட்டேன். டாங்கில் சிந்திய துளிகளை உடனே நீர்விட்டுக் கழுவினோம். இல்லையெனில் பெயிண்ட் உரிந்துவிடும். இரவு முழுவதும் லிவரை டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி, கீழே அட்டை விரித்து வைத்தோம். காலையில் அட்டை காய்ந்திருந்தது.

இப்போது லிவர் பாதி இறங்குவதற்குள் கெட்டியாக நிற்கிறது. எவ்வளவு அழுத்துகிறேன் என்பது விரலுக்குத் தெரிகிறது. மற்றபடி, வண்டி முன்னைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன்; அது டயரையும் பிரேக் பேடையும் பொறுத்தது. ஏழு மாதங்களில் வலையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. லைனைப் பிடித்திருக்கும் பழைய கிளிப்பின் திருகாணிதான் துருவேறிப்போனது. எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு என்பதால், ஞாயிறுதோறும் ஒரு குடம் காவிரித் தண்ணீரில் லைனைக் கழுவுகிறேன். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.